மூய் ஏறாத பென்ஸ்

எங்கள் ஊர் மெங்லம்பில் கார் ரேடியேட்டருக்கும், ஏர்கோன் என்கிற குளிர்சாதனத்துக்கும் ஆ சோய் கடையை விட்டால் ஆள் கிடையாது என்று சொல்வார்கள். ஆள் இருக்கிறார்கள். ஆனாலும் நடுவில் ஒரே சுவரை வைத்துக்கொண்டு பக்கத்தில் கார் சீட் தைக்கிற நான் அதை வெளியே சொன்னால், பிறகு எந்த முகத்தோடு அவர் வீட்டுக் கடலைக் கஞ்சியை வாங்கிக் குடிப்பது?

யிப் கம் சோய் என்பது முழுப்பெயர். ஒல்லி உடம்பு, எந்நேரமும் ஈரமாக இருக்கும் கைகள். மனிதர்களிடம் பேசுவதென்றால் கூலி கேட்பார் போலிருக்கும். பானெட்டுக்குள் தலையை விட்டுவிட்டால் கார்களோடு நாள் முழுக்கப் பேசுவார். வேர்த்து வழிய வருகிறவர்கள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சிரித்த முகமாகத் திரும்பிப் போவார்கள். அவர் குடியிருக்கும் மேல்மாடியில் மட்டும் ஒரு பழைய மின்விசிறிதான் முனகிக்கொண்டு சுற்றும். வாத்தியார் பிள்ளை மக்கு என்று சும்மாவா சொன்னார்கள்.

அவருக்கென்று ஒரு கார் உண்டு. பாலாடை நிறத்தில் பழைய பென்ஸ். கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் கித்தான் போர்த்திக்கொண்டு நிற்கும். எப்போதாவது எடுத்து ஊருக்குள் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து மறுபடி போர்த்திவிடுவார். அவர் மனைவி மூய் அதில் ஏற மாட்டாள். சாயங்கால மார்க்கெட்டில் இனிப்புக் கடலைக் கஞ்சி விற்கிறவள் அவள். மழை கொட்டினாலும் பானையும் அவளும் என் வீட்டுக்காரர் கதிரேசனின் வேனில்தான் வருவார்கள்.

காரணம் எனக்குத் தெரியும். நாங்கள் இங்கே கடை போட்ட வருஷம்தான் அவர்களுக்குக் கல்யாணம் ஆனது. மூய் பிறந்த வீடு மேலே, கேமரன் மலையில், பிரிஞ்சாங்கில். அம்மா இல்லை. கோஸ் தோட்டம் வைத்திருந்த அப்பா மட்டும். சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாள் கட்டிக்கொடுத்த பெண் தாய்வீடு போக வேண்டிய நாள் அல்லவா, அந்த ஒரு நாளுக்காகவே ஆ சோய் அந்த பென்ஸை வாங்கினார். வறுத்த வாத்து, ஒரு கூடை ஆரஞ்சு, புதுச் சிவப்புச் சட்டை எல்லாவற்றோடும் தாப்பா வழியாக மலை ஏறினார்கள். பாதி மலையில் கார் கொதித்துவிட்டது. ஆறவைத்துத் தண்ணீர் ஊற்றி ஒரு வளைவு ஏறினால் மறுபடி கொதிக்கும். அப்படியே பொழுது சாய்ந்தது. கடைசியில் வண்டியைத் திருப்பி, இறக்கத்தில் உருட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்கள். மேலே அந்த மனுஷன் மேசையில் சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தாராம். அடுத்த புத்தாண்டுக்கு அவர் இல்லை. அவரை அடக்கம் செய்ய மூய் பஸ்ஸில் போனாள்.

அவள் புருஷனை ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்தக் காரில் மறுபடி ஏறவில்லை, அவ்வளவுதான். யாராவது பென்ஸைப் பற்றிக் கேட்டால் ஆ சோய்க்கு ஒரே பதில். "அது மலையேறுற கார் இல்ல."

அவர்களுக்கு ஒரே மகள், சூக் லெங். கடைத்தெருவில் விளையாட இடமில்லாமல் அந்த பென்ஸின் பின்சீட்டில்தான் வளர்ந்தாள். பள்ளிக்கூடப் பாடம், பொம்மைக் கல்யாணம், அம்மாவோடு சண்டை போட்டால் ஒளிந்துகொள்வது எல்லாம் அங்கேதான். அவளுக்கு மாப்பிள்ளை அமைந்த இடத்தைக் கேளுங்கள். கம்போங் ராஜாவில் தக்காளித் தோட்டம். அதே கேமரன் மலை. பையன் மன் கிட், நல்ல சாது.

கல்யாணக் கார் பேச்சு வந்தபோது நானும் அங்கேதான் இருந்தேன். மாப்பிள்ளை வீட்டில் பெரிய ஜப்பான் கார் ஒன்றை வாடகைக்குச் சொல்வதாகச் சொன்னார்கள். லெங் வேண்டாம் என்றாள். அப்பாவுடைய பென்ஸில்தான் மலை ஏறுவேன் என்றாள். மூய் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அது உன்னை நடு ரோட்டுல நிக்க வைக்கும். கல்யாணக் கார் திரும்பி வரக் கூடாது, தெரியுமில்ல? மேலயும் போவாம கீழயும் வராம என்னா பண்ணுவ?"

"அப்பா சரி பண்ணிடுவாரு," என்றாள் லெங், தகப்பனைப் பார்க்காமலே.

அவர் கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலை கொட்டகையில் கித்தானை உருவுகிற சத்தம் கேட்டது.

அவர் பாடு எனக்குப் புரிந்தது. பெண்ணைப் பெற்றவர்கள் கல்யாணக் காரோடு போகக் கூடாது. வாசல்வரை வந்து ஏற்றிவிட்டு வீட்டில் நின்றுவிட வேண்டும். எங்கே எது கொதித்தாலும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்கிற மனிதர், இந்த ஒரு தடவை பக்கத்தில் இருக்க முடியாது. பட்டும் சரிகையுமாகக் கனக்கிற கல்யாண உடுப்பில், முகமெல்லாம் பூசிக்கொண்டு அந்தப் பெண் உட்கார்ந்திருப்பாள். ஏர்கோன் ஓடாவிட்டால் சாயம் வழிந்துவிடும். ஏர்கோனைப் போட்டுக்கொண்டு ஏறினால் எஞ்சினுக்கு இரட்டைச் சுமை.

வேலையை முன்பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். ரேடியேட்டரைக் கழற்றிப் பழைய குழாய்க் கூட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தடிமனான புதிய கூடு வைத்து ஈயம் பற்றவைத்தார். தண்ணீர்ப் பம்ப் மாற்றினார். இறுகிப்போன ரப்பர்க் குழாய்களையெல்லாம் அறுத்தெறிந்தார். ஏர்கோனுக்குப் புது கம்ப்ரஸர், ரேடியேட்டருக்கு முன்னால் அகலமான கண்டன்சர், அதற்கு முன்னால் கரண்டில் ஓடும் காற்றாடி. காற்றைக் குளிரவைக்கிற கூலிங் காயில் டேஷ்போர்டுக்குப் பின்னால் இருந்தது. அதை எடுக்க டேஷ்போர்டையே பிரித்து என் கடையில் கொண்டுவந்து அடுக்கினார். காற்று வருகிற குழாய்க்குள் காய்ந்த இலையும் பல்லி முட்டையுமாக இருந்தன. அதற்குள்ளேயே வண்ணப் பென்சில் துண்டுகளும், ஒரு பிளாஸ்டிக் வண்ணத்துப்பூச்சி ஹேர்கிளிப்பும். லெங் சின்னவளாக இருந்தபோது டேஷ்போர்டில் காற்று வருகிற துளை வழியாகப் போட்டவை. இலையையும் முட்டையையும் குப்பையில் கொட்டினார். பென்சில்களையும் கிளிப்பையும் கழுவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நான் பார்த்ததை அவர் பார்க்கவில்லை.

சீட் எங்கள் வேலை. கரும்பழுப்பு ரெக்சின் எடுத்தோம். வெட்டும்போது துணி சுருளாமல் இருக்க நான் எப்போதும் வைக்கிற ஒரு பித்தளைத் துண்டு உண்டு. காளான் மாதிரி ஒரு தலை, கீழே சுருள்கம்பி, அதற்கடியில் ஒரு தட்டு. நாங்கள் கடைக்கு வந்த புதிதில் ஏதாவது கனமாக இருந்தால் கொடுங்கள் என்று கேட்டதற்கு ஆ சோய் எடுத்துக் கொடுத்தது. என்ன சாமான் என்று நான் கேட்டதுமில்லை. அதை வைத்துத்தான் அந்த சீட் துணியையும் வெட்டினேன்.

ஏர்கோன் முதலில் ஓடிய நாள் எங்களையெல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்தார். கை விறைக்கிற குளிர். கதிரேசன் சும்மா இருக்காமல், அடுத்த முறை போர்வையோடு வருகிறேன் தவுக்கே என்று முதலாளி மரியாதையோடு கிண்டல் செய்தார். ஆ சோய் பல் தெரியச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். மூய் கொட்டகை வாசல்வரை வந்தாள். உள்ளே வரவில்லை.

அடுத்த ஞாயிறு, கம்போங் ராஜாவுக்குப் போகிற சிம்பாங் பூலாய் வழியாக மலை ஏறிப் பார்க்கலாம் என்று கிளம்பினோம். முன்னால் ஆ சோயும் கதிரேசனும், பின்னால் நான். சமவெளியில் ராஜா மாதிரி ஓடியது. மலைப்பாதை ஏறத் தொடங்கியதும் எஞ்சின் சூட்டைக் காட்டுகிற சூட்டு முள் மேலே நகர ஆரம்பித்தது. ஆ சோய் ஏர்கோனை நிறுத்தினார். கண்ணாடிகளை இறக்கினார். முள் மேலும் ஏறவே, எஞ்சின் சூட்டை உள்ளே இழுக்கிற ஹீட்டரைத் திறந்துவிட்டார். அவிகிற வெயிலில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு மலை ஏறின தமிழச்சி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அப்படியும் ஒரு வளைவில் ஆவி குபுகுபுவென்று வந்துவிட்டது.

ஓரம்கட்டினோம். அவர் ரொம்ப நேரம் பானெட்டுக்குள் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு ரேடியேட்டரின் கீழ்க் குழாயை மெல்லத் தொட்டார். கையை எடுக்கவில்லை. பிடித்தபடியே நின்றார். எஞ்சின் கொதிக்கிறது, குழாயோ கைபொறுக்கிற சூட்டில்தான் இருந்தது. அது ஏனென்று எங்களுக்கு விளங்கவில்லை. அவர் முகம் மட்டும் வெளுத்தது. வண்டியைத் திருப்பினார்.

வீட்டில் மூய் எங்கள் முகத்தைப் பார்த்தாள். கேட்க வேண்டியதில்லை என்று தெரிந்துகொண்டு, வாடகைக் காருக்குச் சொல்லிவிடுகிறேன் என்று மட்டும் சொன்னாள். குரலில் குத்தல் இல்லை. குத்தியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மறுநாள் ஆ சோய் என் கடைக்கு வந்தார். சீட் எப்படி வருகிறது என்று கேட்கத்தான் வந்தார். நான் துணி விரித்திருந்த மேசையைப் பார்த்தவர், அந்தப் பித்தளைத் துண்டைக் கையில் எடுத்தார். எடுத்தவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். உடம்பு சரியில்லையோ என்று பயந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

"ஆச்சி, இது தெர்மோஸ்டாட். இந்தக் காரோடது."

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். அவர் துண்டு துண்டாகச் சொன்னதை நான் சேர்த்துச் சொல்கிறேன். எஞ்சினில் சுடுகிற தண்ணீருக்கு இரண்டு வழி. ஒன்று ரேடியேட்டருக்குப் போய் ஆறி வருகிற வழி. இன்னொன்று ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குள் திரும்புகிற குறுக்கு வழி. காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது குறுக்கு வழி திறந்திருக்கும். சூடானதும் இந்தப் பித்தளை விரிந்து ரேடியேட்டர் வழியைத் திறக்கும், அடித்தட்டால் குறுக்கு வழியை அடைக்கும். எங்கள் ஊர் மெக்கானிக்குகள் எந்த வண்டி வந்தாலும் முதலில் இதைக் கழற்றி எறிவார்கள். குளிர் தேசத்துச் சாமான், நம் சூட்டுக்கு இது எதற்கு, தண்ணீர் தடையில்லாமல் ஓடட்டும் என்பார்கள். பல கார்கள் அதைப் பொறுத்துக்கொள்ளும். இந்தக் கார் பொறுக்காது. அடைக்க ஆளில்லாத குறுக்கு வழியில் பாதித் தண்ணீர் ஆறாமலேயே சுற்றிச் சுற்றி வரும், அதனால்தான் மலையில் அந்தக் கீழ்க் குழாய் சுடவில்லை. சமவெளியில் சமாளித்துவிடும், மலையில் கொதித்துவிடும்.

"யாரு கழட்டினது?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நான்தான். அந்தப் புத்தாண்டுக்கு முந்தி. மூய்க்கு வேர்க்கக் கூடாது, ஏர்கோன் போட்டுக்கிட்டே அவங்க அப்பா வீட்டுக்குப் போவணும்னு."

ஆனைக்கும் அடி சறுக்கும். ஆனால் பெண்டாட்டி வேர்க்கக் கூடாதென்று செய்தது அவள் தாய்வீட்டு வழியையே அடைத்துவிட்டதென்றால் என்ன சொல்லித் தேற்றுவது? 

அவர் எழுந்து நேராகத் தன் வீட்டு அடுக்களைக்குப் போனார். என்னை யாரும் கூப்பிடவில்லை, நானும் போனேன். மூய் பெரிய பானையில் தண்ணீர் கொதிக்கவைத்துக் கடலையைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் அந்தத் துண்டை நூலில் கட்டித் தண்ணீருக்குள் இறக்கப் போனார். என் கஞ்சிப் பானையிலா என்று அவள் அவர் கையைத் தட்டிவிட்டு, வேறொரு சட்டியைத் தூக்கி வைத்தாள். அதில் தொங்கவிட்டார். இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். தண்ணீரில் குமிழ் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் அந்தத் தட்டு மெல்ல விலகித் திறந்தது. வெளியே எடுத்தார், ஆறியதும் மூடிக்கொண்டது. மறுபடி விட்டார், மறுபடி திறந்தது. இத்தனை வருஷம் என் ரெக்சின் மேல் கிடந்த சாமான் ஒரு குறையும் இல்லாமல் இருந்தது.

அப்போதுதான் சொன்னார். என்னிடம் சொன்னதைவிடச் சுருக்கமாக, அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நான்தான் கழற்றினேன், அதனால்தான் அன்றைக்கு ஏறவில்லை.

மூய் அடுப்பை அணைத்தாள்.

"இத்தினி வருசமா காருமேல பழியைப் போட்டியே, மனுசா."

சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. அவர் ஈரக் கையோடு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"உன்மேல எனக்கு எப்பவோ கோவம் போயிருச்சி. காருமேலதான் போவல."

நான் கடலைக் கூடையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டேன். அத்தனை நாகரிகம் எனக்கும் உண்டு.

பழையது நன்றாக இருந்தாலும் அவர் கோலாலம்பூரிலிருந்து புதியதை வரவழைத்துத்தான் பொருத்தினார். மகள் ஏறுகிற காரில் வயதான சாமானை நம்ப மாட்டாராம். பழையதைத் துடைத்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். பிறகு அவரும் கதிரேசனும் கம்போங் ராஜாவரை ஏர்கோனை நிறுத்தாமல் ஏறி இறங்கி வந்தார்கள். முள் நடுவிலேயே படுத்துக் கிடந்ததாம். மூய் கேட்டுக்கொண்டாள். ஆனாலும் வாடகைக் காரை வேண்டாமென்று சொல்லவில்லை, பின்னாலேயே வரட்டும் என்றாள். நீயும் ஒரு சுற்று போய் வாயேன் என்றதற்கு, முதலில் அவள் போய்ச் சேரட்டும் என்று சொல்லிவிட்டாள்.

கல்யாணக் கார் மாப்பிள்ளை பக்கத்திலிருந்துதான் வர வேண்டும். பென்ஸோ பெண் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. அதனால் எங்கள் கடை கல்யாணத்தன்று காலை மட்டும் மாப்பிள்ளை வீடாகிவிட்டது. மன் கிட் கோட்டு சூட்டோடு என் தையல் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து கோப்பி குடித்தான். பிறகு அவனும் தோழர்களும் சிவப்புத் துணி கட்டிய பென்ஸில் ஏறித் தெருவை ஒரு வட்டம் சுற்றி, ஹாரன் அடித்துக்கொண்டு பக்கத்து வாசலில் வந்து இறங்கினார்கள். ஏதோ தூர தேசத்திலிருந்து வந்த மாதிரி மூய் அவர்களை வரவேற்றாள். சம்பந்தி மரியாதை எனக்கும் கிடைத்தது.

தேநீர் கொடுத்து ஆசி வாங்கியதும் பெண்ணுக்குச் சிவப்புக் குடை பிடித்து ஆ சோய் வாசலுக்குக் கூட்டி வந்தார். காருக்கு அடியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒழுகுது, ஒழுகுது என்று ஒரு கிழவர் பதறினார். ஆ சோய் ஒரு கையில் குடையோடு குனிந்து ஒரு சொட்டை விரலில் ஏந்தி மூய் பக்கம் நீட்டினார். ஏர்கோன் தண்ணீர். அவள் தொட்டுப் பார்த்தாள். ஐஸ் மாதிரி இருந்தது.

லெங் ஏறியதும் அவர் சட்டைப் பையிலிருந்து அந்த வண்ணத்துப்பூச்சிக் கிளிப்பை எடுத்து அவள் மடியில் போட்டார். அந்தப் பெண் எதையோ சொல்ல வந்து, பூச்சு கலைந்துவிடும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். கார் நகர்ந்தது. பிறந்த வீட்டுக் கோபதாபமெல்லாம் இங்கேயே இருக்கட்டும் என்று பெண் ஒரு விசிறியைக் கீழே போட வேண்டும். அவள் கண்ணாடியை இறக்கிப் போட்டாள். மூய் எடுக்கக் குனிந்தபோது காருக்குள்ளிருந்த குளிர் அவள் முகத்தில் பட்டது. விசிறியைக் கையில் வைத்துக்கொண்டு கார் போன திசையையே பார்த்து நின்றாள்.

ஆ சோய் கடைக்குள் போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். யார் பேசினாலும் தலையை ஆட்டினார். வைத்த கோப்பி ஆறிப்போனது. போன் ஒலித்தபோது மூய்தான் பாய்ந்து எடுத்தாள். லெங் ஒரு படம் அனுப்பியிருந்தாள். அவளுடைய வளையல் கை, பக்கத்தில் சூட்டு முள், நேர் நடுவில். கீழே ஒரு வரி: "வந்து சேந்துட்டோம் பா, குளுருது." அவர் அந்தப் படத்தைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டும் பார்த்தார். பிறகு எழுந்து குளிக்கப் போனவர் ரொம்ப நேரம் வரவில்லை.

மூன்றாம் நாள் முறைப்படி பெண்ணும் மாப்பிள்ளையும் விருந்துக்கு வந்து, பென்ஸை விட்டுவிட்டு, பின்னாலேயே வந்திருந்த மாப்பிள்ளையின் லாரியில் மலை ஏறிப் போனார்கள். அவர்கள் தலை மறைந்ததும் மூய் மாடிக்குப் போனாள். இறங்கி வரும்போது கையில் ஒரு வறுத்த வாத்துப் பொட்டலமும் ஒரு பை ஆரஞ்சும் இருந்தன. அவள் காலையில் இரண்டு வாத்து வாங்கியதை நான் பார்த்திருந்தேன். மாப்பிள்ளை நல்ல தீனிக்காரன் என்று நினைத்துக்கொண்டேன். அவள் வாசலில் நின்ற பென்ஸின் முன்கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தாள்.

ஆ சோய் கை துடைக்கிற துணியோடு அப்படியே நின்றுவிட்டார்.

"அப்பா சமாதிக்குப் போவலாம்," என்றாள் மூய். "அன்னிக்குக் கிளம்புனது, இன்னும் போய்ச் சேரல." பிறகு என் பக்கம் திரும்பி, "ஆச்சி, நீயும் ஏறு. நின்னுட்டா தள்ள ஆள் வேணும்," என்றாள்.

ஏறினேன். சிம்பாங் பூலாய் தாண்டி மலைப்பாதை தொடங்கியது. மூய் வாத்தை மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தாள். ஆவி கிளம்பிய அந்த வளைவு வந்தது. முள் அசையவில்லை. அது அசையாது என்று அவருக்குத் தெரியும், அவரே பொருத்தியது. ஆனாலும் பழக்கம் விடுமா? மலை ஏறுகிற எல்லா டிரைவர்களையும் போல அவர் கை ஏர்கோனை அணைக்கத் தானாகப் பொத்தானுக்குப் போனது.

மூய் அந்தக் கையைப் பிடித்தாள்.

"ஓடட்டும். எனக்கு நல்லாருக்கு."

பிரிஞ்சாங் போய்ச் சேரும்வரை அவள் அந்தக் கையை விடவே இல்லை. அந்த மனுஷனும் வளைவுகளையெல்லாம் ஒற்றைக் கையால்தான் ஓட்டினார்.